அப்பாவின் கேப்சூலும் பெரியப்பாவின் பொடியும்

கிணத்துக்கடவில் தென்னை விவசாயக் குடும்பத்தின் இளைய மகனாகப் பிறந்த எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. கோவையில் ஒரு கல்லூரியில் கரிம வேதியியல் கற்பித்தவர்; ஆய்வகத்தில் புதிய மூலக்கூறுகளை உருவாக்கியவர். அது என்ன வேலை என்று, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் கல்யாணப் பந்தியில் அவரிடம் கேட்டிருக்கிறீர்கள். பதில் முடியுமுன் கை கழுவ எழுந்து போயிருக்கிறீர்கள்.

அப்பா சளைக்க மாட்டார். “சின்னச் சின்ன மூலக்கூறை ஒண்ணோட ஒண்ணு சேத்து, நமக்கு வேணுங்கிற பெரிய மூலக்கூறைக் கட்டறதுங்க. கோமியத்துல இருக்கற யூரியாவும் மூட்டையில வர்ற யூரியாவும் ஒண்ணேதானுங்க. செடியில வந்தா மருந்து, குடுவையில வந்தா விஷம்னெல்லாம் கிடையாதுங்க.”

“அப்பறம் எதுக்கு தம்பி நான் மூட்டைக்கு அலையறேன்? தென்னைக்கு ஒரு மாட்டைக் கட்டிப்போட்டாத் தீந்துது” என்பார் அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா. எல்லோரும் சிரிப்பீர்கள். அப்பாவும் சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. தினமும் கேப்சூல் தவறாமல் போட்டால் பல ஆண்டுகள் இருக்கலாம் என்றார் டாக்டர். நன்றாகத்தான் இருந்தார். பிறகு கால் எலும்பு முறிந்து, ஓய்வெடுக்கப் பெரியப்பாவின் தோட்டத்து வீட்டுக்குப் போனார். மருந்து எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைப் பெரியப்பா தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். உரமும் பூச்சிமருந்தும் போடாமல் ஒரு தென்னையைக்கூட வளர்த்திராதவர்.

சில மாதங்களில் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று டாக்டர் குழம்பியபோது, அப்பாவின் கட்டிலருகே நின்று பெரியப்பா பெருமையாகச் சொன்னார்: “கெமிக்கல் ஒடம்புக்கு ஆகாதுங்க டாக்டர். உறையைப் பிரிச்சு அதைக் கொட்டிப்போட்டு, நம்ம வேப்பிலைப் பொடியை அடைச்சுக் குடுத்துட்டு இருந்தேனுங்க.”

அப்பா கோபப்படவில்லை. “எங்க கொட்டுனீங்கண்ணா? கெணத்துல இல்லீங்களே?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் போய்விட்டார்.

நன்றி சொல்வது முறை. கடைசிவரை போராடிய டாக்டருக்கும் செவிலியருக்கும் நன்றி. பந்தியில் சிரித்த உங்களுக்கும் நன்றி. இம்மலரின் அச்சுச் செலவை ஏற்ற பெரியப்பாவுக்குத் தனி நன்றி. படித்துப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

அவருக்கு இப்போது இருதயக் கோளாறு. சிகிச்சைக்காக எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். அவருக்கும் கேப்சூல்தான் எழுதியிருக்கிறார்கள். தினமும் நான் எடுத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். “டாக்டர் குடுத்ததுதானே கண்ணு?” என்று கேட்கிறார்.

நான் தண்ணீர் டம்ளரை நீட்டுகிறேன்.