மனை பார்க்கப் போன ஞாயிறுகள்

"மேடம், இந்த ஊட்டை நீங்க பார்த்த அளவுக்கு, கட்டின மேஸ்திரிகூட பார்த்திருக்க மாட்டாரு!"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் பாபு இப்படிச் சொன்னதும் என் கணவர் சத்தமாகவே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அப்போது மறுபடியும் சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருநின்றவூரில் ஒரு வீடு. ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு பெட்ரூம், மேலே சின்ன மொட்டை மாடி. வில்லங்கச் சான்று சுத்தம். தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் சரியாக இருக்கிறது என்று வக்கீல் எழுதியே கொடுத்துவிட்டார். பேங்க்கும் லோனுக்குத் தலையாட்டிவிட்டது. ஓனர், வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு கோயம்புத்தூரில் செட்டில் ஆகிவிட்டவர். "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க" என்று தகவல் அனுப்பியிருந்தார்.

சொல்ல வேண்டியது நான்தான். கணவர் எப்போதோ சரி சொல்லியாயிற்று.

மழை வந்தால் தெருவில் தண்ணீர் நிற்குமா? மகள் யாழினி படுக்கப்போகும் அறையில் மேற்கு வெயில் அடிக்குமே, குழந்தை எப்படித் தூங்குவாள்? எதிர் வீட்டில் கேட்டேன். பின் வீட்டில் கேட்டேன். முனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் கேட்டேன். எல்லாரும் நல்ல வீடு என்றார்கள். எல்லாருமே நல்ல வீடு என்கிறார்களே, அது எப்படி? – இது அடுத்த சந்தேகம்!

"உனக்கு என்னதான் பயம்?" என்றார் கணவர்.

தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

அதனால்தான் அன்றைக்கு நைனாவையும் அம்மாவையும் கவரைப்பேட்டையிலிருந்து வரச் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மனை பார்ப்பதில் எங்கள் நைனாவை மிஞ்ச ஆள் கிடையாது. அத்தனை பார்த்திருக்கிறார். ஒன்றுகூட வாங்கியதில்லை!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார் நைனா. கவரைப்பேட்டையில் வரிசையாக இருக்கும் வாடகை போர்ஷன்களில் ஒன்றில் குடியிருந்தோம். எல்லாருக்கும் பொதுவாக ஒரே குழாய். நெடுஞ்சாலை ஓரத்தில் அப்போது வாரத்துக்கு ஒரு 'நகர்' முளைத்துக்கொண்டிருந்தது. ரயில்வே ஸ்டேஷனில் நோட்டீஸ் கொடுப்பார்கள். 'மனைகள் விற்பனைக்கு. இலவச வேன் வசதி. மதிய உணவு உண்டு.'

வேன்... அதுவும் இலவசமாக... சாப்பாட்டோடு! ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு இதைவிட வேறென்ன பிக்னிக் வேண்டும்?

நைனா இஸ்திரி போட்ட சட்டைப் பையில் பேனா செருகிக்கொள்வார். அம்மா கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிக்கொள்வாள். "வாங்குற ஆளு மாதிரி தெரிய வேணாமா?" என்பாள். ஒருமுறை வேன் டிரைவர் எங்களை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா சார், போன வாரம் வேற கம்பெனி வண்டியில ஏறிக்கினு இருந்தீங்க?"

"கம்பேர் பண்ணிக்கினு இருக்கோம்பா!" என்றார் நைனா, கொஞ்சமும் அசராமல்.

சைட்டில் கலர் கலராகக் கொடி பறக்கும். வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நட்டிருக்கும். சாப்பாட்டுப் பொட்டலம் கைக்கு வரும்வரை எங்களுக்கு ஒரு வேலை இருக்கும். பிடித்த மனையில் போய் நின்றுகொள்வோம். நைனா ஒரு குச்சியை ஒடித்து மண்ணில் கோடு போடுவார். இது ஹால். இது சமையல்கட்டு. "இது பாப்பா ரூமு!"

நான் ஓடிப்போய் என் ரூமில் உட்கார்ந்துகொள்வேன். கோட்டைத் தாண்டி உள்ளே குதித்தால் நைனாவுக்குக் கோபம் வந்துவிடும். "சுவத்துல பூந்து வர்றியா? வாசல் அங்க இருக்குது பாரு!" திரும்பிப் போய், வாசல் என்று விட்டிருக்கும் இடைவெளி வழியாக வர வேண்டும்.

ஒரு ரூமிலிருந்து ரயில் தெரியும். இன்னொரு ரூமுக்குள்ளேயே ஒரு பனைமரம் நின்றது. வேறொன்றில் ஜன்னலுக்கு வெளியே முழு ஏரி! அந்த வயதில் என்னைப் போல் அத்தனை ரூம் வைத்திருந்த பெண் கவரைப்பேட்டையில் யாரும் இருந்திருக்க மாட்டாள்.

எல்லாம் எளாவூர்ப் பக்கம் ஒரு கார்னர் மனையில் முடிந்தது.

நைனா வழக்கம்போல் கோடு போட்டார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சமையல்கட்டு இங்கயா? ரோட்டுல போற லாரி புழுதியெல்லாம் என் குழம்புலதான் வந்து வுழும்."

"அதான் அக்கினி மூல. வாஸ்துன்னு ஒண்ணு இருக்குது, தெரியுமா?"

"வாஸ்துவா சமைக்கப் போவுது? நான்தான சமைக்கணும்?"

அம்மா கோட்டைக் காலால் அழித்தாள். நைனா மறுபடி போட்டார். அம்மா மறுபடி அழித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பொட்டலத்தோடு எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். திரும்பும்போது அம்மா வேனில் முன் சீட், நைனா கடைசி சீட். இல்லாத வீட்டின் இல்லாத சமையல்கட்டுக்காக இரண்டு பேரும் நிஜமாகவே பேசிக்கொள்ளவில்லை!

இதையெல்லாம் டை கட்டிய மேனேஜர் ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். வாங்காத ஆட்கள் இப்படியா சண்டை போடுவார்கள்? இது கெட்டியான பார்ட்டி என்று முடிவு செய்துவிட்டார், பாவம். அடுத்த வாரம் எங்கள் போர்ஷன் வாசலில் பைக்கை நிறுத்தினார்.

"சார், கிச்சனை எந்த மூலையில வேணா வச்சிக்கோங்க. அந்த கார்னர் பிளாட்டை உங்களுக்குன்னு புடிச்சி வச்சிருக்கேன்."

நைனா உள்ளே ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மேடம் ஒத்துக்கல சார்."

"ஆமா... எல்லாத்துக்கும் என் தலதான் கெடச்சிது!" என்று உள்ளேயிருந்து அம்மா.

மேனேஜர் விடவில்லை. வந்துகொண்டே இருந்தார். குழாயடியில் எல்லாரும் அம்மாவிடம் கிரகப்பிரவேசம் எப்போது என்று கேட்க ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இனிமே எந்த வண்டியும் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். பட்டுப் புடவை பீரோவுக்குப் போனது. எங்கள் ஞாயிறுகள் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டன.

சரி, திருநின்றவூருக்கு வருவோம்.

வெறும் ஹாலில் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். யாழினி மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தாள். "சொல்லு நைனா... வாங்கலாமா, வேணாமா?" என்றேன்.

"நல்லாத்தான் கீது" என்றார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அந்த எளாவூர் மனைகூட நல்லாத்தான் இருந்திச்சி. கம்பெனியில பி.எஃப். லோனுக்குக் கையெழுத்தெல்லாம் ஆயிருச்சி. நான்தான் வேணாம்னுட்டேன்" என்றார்.

அம்மா அப்படியே திரும்பினாள். "இன்னாது?"

"பயமா இருந்திச்சிடி. இதுவா, அதுவான்னு ஒரே ரோசனை. அப்புறம், வாங்கிட்டா... ஞாயித்துக்கெழமைக்கு இன்னா பண்றது? பாப்பா வாரம் ஒரு ரூமுல உக்காருவா. வாங்கிட்டா அந்த ஒரு ரூமுதானே?"

அம்மா இன்றைக்கும் அதே வாடகை போர்ஷனில்தான் இருக்கிறாள். அதே பொதுக் குழாயில்தான் குடம் பிடிக்கிறாள். பெரிதாக ஒரு சண்டை வெடிக்கப் போகிறது என்று நினைத்தேன். என் கணவர் மெதுவாக எழுந்து வாசல் பக்கம் நகர்ந்துவிட்டார்.

அம்மா கத்தவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா, நீ சொன்ன மூலையிலயே சமையல்கட்ட வச்சிட்டு இருப்பேனே..." என்றாள். அவ்வளவுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு யாழினி பின்னால் மாடிக்குப் போய்விட்டாள்.

நைனா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் இருந்தது. உப்புத் தண்ணீராவது, மேற்கு வெயிலாவது! இந்த வீட்டில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு வீட்டுக்குச் சரி சொன்னால் மற்ற எல்லா வீடுகளையும் விட்டுவிட வேண்டும் – அதுதான் என் பயம். ரயில் தெரிந்த ரூம், பனைமரம் நின்ற ரூம், ஏரியைப் பார்த்த ரூம்... அவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் நான் இத்தனை நாள் குழாயைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் அம்மாவுக்கு இன்றுவரை சொந்தமாக ஒரு சமையல்கட்டு கிடைக்கவில்லையே?

மறுநாள் சாயங்காலம்வரை நான் காத்திருக்கவில்லை. அங்கேயே பாபுவைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "முடிச்சிடலாம்."

"நெஜமாவா மேடம்?" என்றவர், நான் மனசு மாறுவதற்குள் ஓனருக்கு போன் போட்டுவிட்டார்.

போன வாரம் பதிவு. சார்பதிவாளர் ஆபீஸில் போட்டோ எடுத்தார்கள், கைரேகை வைத்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட நைனா வந்திருந்தார். அம்மாவும்தான் – பட்டுப் புடவையில். கையெழுத்துக்கு முன்னால் கிரையப் பத்திரத்தின் நான்கு எல்லைகளைப் பத்திரம் எழுதுகிறவர் ஒருமுறை வாசித்துக் காட்டினார்.

"கிழக்கில் இருபதடி ரோடு. தெற்கிலும் மேற்கிலும் வீடுகள். வடக்கில் காலி மனை."

நைனா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்து முறைத்தாள்.

அந்தக் காலி மனையைச் சும்மா பார்த்துவிட்டுத்தானே வரப் போகிறோம்... அதற்கெல்லாமா வில்லங்கச் சான்று கேட்பார்கள்?