நூலுக்காகப் பேசியவர்

யுத்தம் முடிந்தும் நூல் கட்டுப்பாடு முடியவில்லை. சங்கரன்கோவிலில் எங்கள் தெருக் கைத்தறிகளில் பாதி நின்றுபோயின. நூல் பங்கிடும் அதிகாரியிடம் பேச நெசவாளர் சங்கம் ஒருவரை அமர்த்தியது. சங்கங்களுக்காக அரசாங்க அலுவலகங்களில் பேசுவதே அவர் தொழில்.

குட்டையான மனிதர், கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டு. எந்த உத்தரவையும் மூன்று தடவை வாய்விட்டு வாசித்த பிறகே பேனாவைத் திறப்பார்.

“பிள்ளைக பட்டினி கெடக்குன்னு எழுதுங்க அண்ணாச்சி” என்றேன்.

“பட்டினிக்கு அந்த ஆபீஸ்ல உத்தரவு கிடையாது வே. நூலுக்குத்தான் இருக்கு. இங்கன பாரும், தறிக்கு இவ்வளவுன்னு போட்டிருக்கு. உம்ம வீட்டுல எத்தன தறி?”

“மூணு.”

“வீட்டுக்கு ஒரு தறின்னுல்லா ஆபீஸ்ல கணக்கெடுத்திருக்காவ!”

அன்றே வீடு வீடாக ஏறித் தறிகளைப் பார்த்து எழுதினார். திருநெல்வேலியில் அதிகாரி முன்னால் நான் கைகூப்பி நின்றேன். எங்கள் ஆளோ நாற்காலியில் உட்கார்ந்து, உத்தரவையும் பட்டியலையும் அருகருகே விரித்து வைத்தார். குரலை உயர்த்தவேயில்லை.

அதிகாரி வெகுநேரம் படித்தார். தறிக் கணக்கின்படி நூல் தர அங்கேயே கையெழுத்திட்டார். நாங்கள் புறப்பட்டபோது, “மற்ற ஊர்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் தயாரித்துத் தர முடியுமா?” என்று அவரிடம் தயங்கிக் கேட்டார்.

கெஞ்சப் போன இடத்தில் எங்கள் ஆளிடம் அரசாங்கம் உதவி கேட்டதை, அதற்கு முன்பும் பின்பும் நான் கண்டதில்லை.