கடைசிப் பக்கம் இல்லாத கழுதைக் கதை

பீர் முஹம்மதுவை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். என் தங்கை சகினாவைக் கட்டியதால் பதினைந்து வருடமாக மச்சான். அதற்கும் முன்னால் இருந்தே, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் உள்ள பழைய பேப்பர் கடையில் என்னோடு குந்தி வேலை பார்க்கிற ஆள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அவர் ஐந்தாம் வகுப்பு. அந்த இரண்டு வகுப்பை இன்றைக்கும் என்னிடம் காட்டாமல் இருக்க மாட்டார்.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வீடு வீடாகப் போய்ப் பேப்பர், நோட்டு, புத்தகம் எடுத்து வருவோம். மில்லுக்கு அனுப்பும்போது அட்டை தனி, தாள் தனி. கெட்டி அட்டை போட்ட புத்தகம் வந்தால், நடுவில் முழங்காலை ஊன்றி இரண்டு அட்டையையும் ஒரே இழுப்பில் பிய்க்க வேண்டும். அது என் வேலை. பிய்க்கும்போது பசையில் ஒட்டிய தாள் முன்னால் ஒன்றிரண்டும் பின்னால் ஒன்றிரண்டும் அட்டையோடு போய்விடும். எப்படியும் கூழாகப் போகிறது, யாருக்கு நஷ்டம் என்று நான் கவலைப்பட்டதில்லை.

கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் மே மாதம்தான் வரும். "கொழந்தைகள் பெரியவாளாயிட்டா, இதெல்லாம் யார் படிக்கப் போறா, எடுத்துண்டு போங்கோ" என்று கட்டோடு தூக்கிக் கொடுப்பார்கள். மகள் இஃப்ராவுக்கு நாலு வயதானபோது மச்சான் அந்தக் குவியலில் கைவிட்டுத் தேட ஆரம்பித்தார். அவர் கண்ணில் படுவதற்குள் நான் அட்டையைப் பிய்த்துப் போட்டிருப்பேன். அப்படியே எடுத்துப் போவார்.

மீர்சாகிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. நடுவில் பலகைத் தடுப்பு. முன்பாதி எனக்கு, பின்பாதி அவர்களுக்கு. ஒன்பது மணியானால் தடுப்புக்கு அந்தப் பக்கம் கதை ஓடும். எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, மெதுவாகத்தான் படிப்பார். மாட்டு வண்டியில் போகிற மாதிரி இருக்கும். ஆனால் கதை முடிகிற நேரத்தில் மட்டும் தடங்கலே இல்லாமல் பேச்சு பறக்கும். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். புத்தகத்தில் தாள் தீர்ந்துவிட்டது. மனிதர் அசரவில்லை. விரலை நாக்கில் நனைத்து, இருக்கிற கடைசித் தாளையே மறுபடியும் சரசரவென்று புரட்டிவிட்டு, இல்லாத பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடையில் கேட்டேன்.

"இன்னா மச்சான், புஸ்தகத்துல இல்லாததெல்லாம் படிக்கிற?"

"நீ ஒழுங்கா பிச்சிருந்தா நான் ஏன், வஹீது, புளுகணும்? பாதியில நிறுத்துனா அவ தூங்கறதில்ல."

"சொல்லிடேன், கிழிஞ்சுபோச்சுன்னு."

"நாலு வயசுப் புள்ளைக்கிட்டயா? போ, வேலையப் பாரு."

புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போகாது. அட்டை இல்லாதது, தொட்டால் கிழிந்துவிடும் என்று சட்டம் போட்டிருந்தார். இஃப்ரா பாயில் படுத்துக்கொண்டு கேட்கத்தான் வேண்டும்.

அவள் அதிகம் கேட்டது உப்பளத்துக் கழுதைக் கதை. உப்பு மூட்டை சுமக்கிற கழுதை. முதலாளி அதைப் போட்டு அடிக்கிறான். ஒரு புயல் நாளில் மூட்டையோடு காணாமல் போகிறது. முதலாளியின் மகள் தேடிக்கொண்டு போகிறாள். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குளம்புத் தடம் தெரிகிறது. அத்தோடு தாள் முடிந்தது. மச்சான் மூன்றாம் நாள் கழுதையைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிடுவார். இதை அவள் சும்மா விடவில்லை. ஐந்து வயதில், "மூணு நாள் இன்னா சாப்ட்டுச்சு?" என்றாள். ஏழு வயதில், "மழையில உப்பு கரைஞ்சிருக்குமே?" என்றாள். கழுதை மதகுக்கு அடியில் நின்றதாகச் சேர்த்தார். ஒவ்வொரு கேள்விக்கும் கதை ஒரு முழம் நீண்டது. பதினோரு வயதில் கேட்டாள் ஒன்று:

"அடிச்சவன்கிட்ட அது ஏன் திரும்பி வருது அத்தா?"

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். கடைசித் தாளை முன்னும் பின்னும் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. படு."

மறுநாளிலிருந்து, "நானே படிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். பள்ளி நூலகத்துப் பளபள புத்தகங்கள் வர ஆரம்பித்தன. பாயும் தனியாகப் போயிற்று. மச்சான் அவள் தம்பி, நாலு வயது ஜைதுக்குப் படித்துக்கொண்டு, அவ்வப்போது இவள் பக்கம் பார்ப்பார். அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்படி இரண்டு வருடம். போன ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் இஃப்ரா ஒரு தாளோடு வந்தாள். அடையாறில் ஒரு பள்ளியில் கதை சொல்லும் போட்டி. சின்ன வயதில் வீட்டில் படித்துக் காட்டிய கதையைச் சொல்ல வேண்டும், அந்தப் புத்தகத்தையும் நடுவரிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். பள்ளியிலிருந்து இவள் ஒருத்திதான்.

"கழுதைக் கதை சொல்லப் போறேன் அத்தா. எனக்கு மனப்பாடம். புக்கு மட்டும் குடு."

மச்சான் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் அது அப்படியே நின்றுபோனது.

"அட்டை போட்டுக் குடுக்கறேம்மா. கடையில கீது."

புத்தகம் கடையில் இல்லை, டிரங்குப் பெட்டியில் இருந்தது. மறுநாள் விடியும் முன்பே எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

"சொல்லிடு மச்சான்," என்றேன். "இன்னும் ஒரு வாரம் கீது. வேற கதை எடுத்துப்பா."

"ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் என் கதைன்னு வந்து நிக்கிறா. அதுவும் புளுகுன்னு சொல்லவா?"

"மேடையில மாட்டுனா?"

"முழுப் புஸ்தகம் கிடைச்சிடும். கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்டு, அப்புறம் பக்குவமா சொல்லிக்கறேன்."

அந்த ஒரு வாரம் மனிதர் தின்றாரா, தூங்கினாரா, தெரியாது. லஸ் முனையில் பழைய புத்தகம் விற்பவர்களை எல்லாம் விசாரித்தார். கழுதைக் கதை வந்த கட்டைக் கொடுத்த பத்ரிநாராயணன் வீட்டுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனார். அவர் கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒம்போது வருஷம் ஆயிடுத்தேப்பா. உங்ககிட்டதானே போட்டேன்? நீங்க வந்து என்கிட்ட கேக்கறேளே!"

வீட்டில் இஃப்ரா தினமும் ஜைதை உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தாள். மதகு வரும் இடத்தில் மச்சானைப் பார்த்துத் தலையாட்டுவாள், சரிதானே என்று. இவரும் ஆட்டுவார். வெள்ளிக்கிழமை சகினா என்னிடம் வந்து, "இவருக்கு இன்னா ஆச்சு, சோறே இறங்க மாட்டேங்குது" என்றாள். சொல்ல வாய் வரவில்லை. கிழித்த கை என்னுடையது.

சனிக்கிழமை காலை அடையாறு பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். மச்சான் மடியில் புத்தகம். கெட்டி அட்டை வைத்து, பிரவுன் தாள் சுற்றி, பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றும் ஒட்டியிருந்தார். மந்தைவெளி தாண்டியதும், "இஃப்ரா, ஒண்ணு சொல்லணும்மா" என்று ஆரம்பித்தார்.

"அத்தா, பேசாத. மறந்துடுவேன்."

உதடு மட்டும் அசைந்தபடி வந்தாள். பாலத்தில் ஏறும்போது அவர் இன்னொரு முறை வாயைத் திறந்து மூடினார். சொல்லிவிடு என்று நான் அவர் தொடையைக் கிள்ளினேன். பள்ளி வாசலில் அவள் புத்தகத்தை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல், நேராகக் கொண்டுபோய் நடுவர் மேசையில் வைத்துவிட்டாள். முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வேம்பு என்கிற ஓய்வுபெற்ற டீச்சர். ஒவ்வொரு பிள்ளை சொல்லும்போதும் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டார். இஃப்ராவின் முறை வந்தது. நான் பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த அரங்கத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. குளம்புத் தடம் வந்தது. வேம்பு டீச்சர் தாளைப் புரட்டினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். மேடையில் கழுதை மதகுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு விரல் மரத்துப்போனது.

கைத்தட்டல் அடங்கியதும் டீச்சர் கேட்டார்.

"ரொம்ப நன்னா சொன்னேம்மா. ஆனா இதுல அந்த முடிவு இல்லையே. கடைசிப் பக்கமே காணோம்."

"இருக்கு மிஸ். எங்க அத்தா அதைப் பார்த்துதான் படிப்பாரு. நூறு தடவை படிச்சிருக்காரு."

"எனக்குத் தெரிஞ்ச புஸ்தகம்தான். என் பேரனுக்கு வாசிச்சிருக்கேன். அதுல கழுதை திரும்பி வராதும்மா."

"வரும் மிஸ். உங்க புக்குலதான் தப்பா அடிச்சிருப்பாங்க."

அரங்கமே சிரித்தது. இஃப்ராவின் முகம் சிவந்தது. கையை நீட்டிக் காட்டினாள். "எங்க அத்தா அதோ உட்கார்ந்திருக்காரு. நீங்களே கேளுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. மச்சான் எழுந்தார். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ள மேல தப்பு இல்ல மேடம். நாங்க பழைய பேப்பர் கடை. வர்றப்பவே கடைசிப் பக்கம் இல்ல. அந்த முடிவு நானா சொன்னது. அவளுக்குத் தெரியாது."

யாரும் கேட்காமலே நானும் எழுந்தேன். "கிழிச்சது நான்தான் மேடம்." அதற்கும் சிரித்தார்கள்.

இஃப்ரா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. மச்சானையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டீச்சரிடம் திரும்பி, "அந்தக் கடைசிப் பக்கம் உங்ககிட்ட இருக்கா மிஸ்?" என்றாள்.

"ஆத்துல இருக்கு. ஃபோட்டோ எடுத்து அனுப்பறேன், நம்பர் குடுத்துட்டுப் போ."

பரிசு இல்லை. புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. திரும்பும் பஸ்ஸில் மச்சான் பக்கத்தில் இடம் இருந்தும், முன்னால் போய் யாரோ ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து புத்தகங்களை எல்லாம் தரையில் கொட்டினாள். ஒவ்வொன்றாகக் கடைசித் தாளைப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தாள். முடிவு இருந்த குவியல் சின்னதாகத்தான் இருந்தது. ஆறு மணிக்குச் சகினாவின் போனில் படம் வந்தது. வாசித்துவிட்டு மச்சான் முன்னால் வந்து நின்றாள்.

"வரல. அது திரும்பி வரவே இல்ல. நான் பதினோரு வயசுல கேட்டது சரிதான். புக்குல போட்டிருக்குன்னு சொல்லி என்னைப் படுக்க வெச்ச."

மச்சான் தலை குனிந்திருந்தார். சகினா, "விடுடி, கதைதானே" என்றாள்.

"கதைதான். இனிமே ஜைதுக்கு நான் படிக்கறேன். அவர் படிக்க வேணாம்."

மச்சான் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இரண்டு வருடம் முன்பு ஒரு பாய் போனது. இப்போது இன்னொன்றும் போகிறது.

ஒன்பது மணிக்கு ஜைது, "கழுதைக் கதை" என்றான். அவனுக்கு ஆறு வயது, நடந்தது எதுவும் ஏறவில்லை. இஃப்ரா படித்தாள். மச்சான் மாதிரி இல்லை, மழமழவென்று ஓடியது. தாள் முடிந்ததும் போனை எடுத்தாள். தூரத்து மேட்டில், வேறு கழுதைகளோடு அது நிற்கிறது. பெண்ணை ஒரு தடவை பார்க்கிறது. அவள் கையில் இருந்த கயிற்றை அங்கேயே போட்டுவிட்டுத் தனியாகத் திரும்புகிறாள். அவ்வளவுதான்.

"இது இல்ல," என்றான் ஜைது. "கழுதை வரும்."

"அடிக்கறவன்கிட்ட எதுக்குடா வரணும்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "சரி, வர வேணாம். மழை பெஞ்சா எங்க தூங்கும்?"

இஃப்ரா போனை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள்.

"அதெல்லாம் போடல."

"முதுகுல மூட்டை கீதே. அதை யாரு இறக்குவாங்க?"

"சொல்லு இஃப்ரா, யாரு இறக்குவாங்க?" என்று அவன் சிணுங்க ஆரம்பித்தான். நான் தடுப்பின் ஓரமாகப் பார்த்தேன். அவள் மச்சானின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் குரல் வந்தது, முரட்டுத்தனமாக.

"அத்தா. மூட்டையை யாரு இறக்குனாங்க?"

மச்சான் அசையவில்லை. சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"தெரியாதும்மா. புஸ்தகத்துல இல்ல."

"இல்லன்னு எனக்கும் தெரியும்," என்றாள் இஃப்ரா. "நீ சொல்லு."

மச்சான் இந்தப் பக்கம் புரண்டு படுத்தார்.