நாலாவது போல்ட்

அண்ணனும் நானும் தொழில் பிரிந்தபோது, பிக்கப் வண்டி அவனுக்கு, அதன்மேல் மாட்டியிருந்த இரும்புக் கூண்டு எனக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். கேட்கச் சுலபமாக இருந்தது. ஆடு ஏற்றுவதற்காக இரண்டு தட்டு வைத்துக் கோவில்பட்டிப் பட்டறை ஒன்றில் அடித்து வாங்கிய கூண்டு அது. வண்டித் தளத்தின் நான்கு மூலையிலும் போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். நான்கையும் கழற்றிவிட்டால் அவனுக்கும் எனக்கும் இடையில் எதுவும் மிச்சமில்லை.

பிரிந்ததற்குக் காரணம் செத்துப்போன ஆடுகள். சுற்றுவட்டார ஊர்களில் கிடாய் பிடித்து எட்டயபுரம் சந்தைக்குக் கொண்டுபோவது எங்கள் தொழில். சித்திரை வெயிலில் ஒரு சந்தை நாள், கடம்பூர்ப் பக்கம் பிடித்த கிடாய்களை நான் நின்று ஏற்றிவிட்டு, பைக்கில் முன்னால் போய்விட்டேன். அண்ணன் வண்டியை ஓட்டி வரவேண்டும். வரவேண்டிய நேரத்துக்கு வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். கதவைத் திறந்தால் கீழ்த்தட்டில் பாதிக்கு மேல் நாக்கு தள்ளிக் கிடந்தன. மூச்சு இருந்ததை எல்லாம் இழுத்து வெளியே போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அதிலும் சில என் கையிலேயே போயின.

ரயில்வே கேட் போட்டிருந்தது, அங்கே நின்றதைத் தவிர வண்டி எங்கேயும் நிற்கவில்லை, தம்பிதான் கீழ்த்தட்டில் நெருக்கி அடைத்துவிட்டான் என்று அண்ணன் சொன்னான். சந்தையில் சொன்னான், டீக்கடையில் சொன்னான், பெரியவர்கள் கூடிய அன்று கோயில் முன்னாலும் சொன்னான். ஏற்றியது நான் என்பதால் நான் பேசியது எடுபடவில்லை. ஒரு தட்டு எத்தனை ஆடு தாங்கும் என்றுகூடத் தெரியாதவன் என்று பேராகிவிட்டது. ஆட்டு வியாபாரிக்கு அதைவிடக் கெட்ட பேர் வேறு இல்லை. எனக்கே கிடாய் தருவேன் என்று நின்றவர்கள், நான் போனால் மந்தை மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது என்று சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்கள். பட்டியில் ஆடு கத்துவது எனக்குக் கேட்கும்.

அண்ணன் ஆட்டை விட்டுவிட்டுப் புதியம்புத்தூரில் தைக்கிற துணி மூட்டைகளை ஏற்றி இறக்கப் போகிறானாம். புது நைட்டியில் ஆட்டு வாடை அடித்தால் யார் வாங்குவார்கள்? கூண்டை உடனே கழற்றிக்கொண்டு போகச் சொல்லி ஆள் விட்டான்.

காலையில் போனேன். அவன் வீட்டுக்கு எதிரில் வெடித்துக் கிடந்த கரிசல் காட்டில் வண்டி நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவன் மனைவி, என் மைனி, வாசலில் நின்றாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அன்றைக்கு வாய் அவள்தான்.

மூன்று போல்ட் அதிகச் சண்டை இல்லாமல் வந்துவிட்டன. பின்பக்கம் இடது மூலையில் இருந்த நாலாவதுதான் அசையவில்லை. தளம் அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவு. இத்தனை வருஷமாக ஏற்றிய ஆடுகளின் மூத்திரம் எல்லாம் அந்த மூலைக்குத்தான் வடிந்திருக்கிறது. கீழே படுத்துப் பார்த்தால் நட்டு எது, தகடு எது என்று தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து பழுப்பாய் ஒரே கட்டியாக இருந்தது. முந்தின நாளே டீசல் ஊற்றி ஊறப்போடும்படி அவனுக்கு ஆள் விட்டுச் சொல்லியிருந்தேன். ஊற்றவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

கட்டிங் மெஷின் வைத்து அறுத்துவிடலாம் என்றேன். டீசல் டேங்க் பக்கத்தில் பொறி பறக்க விடமாட்டேன், வண்டியின் அடிச்சட்டமான சேஸிலும் கீறல் விழக்கூடாது என்று மைனியிடம் சொன்னான். அப்படியானால் டேங்கை இறக்கட்டும் என்று மைனியிடம் சொன்னேன். இறக்கமாட்டானாம். ஆகவே கையால்தான் கழற்ற வேண்டும். கையால் கழற்ற ரெண்டு ஆள் வேண்டும். மேலே கூண்டுக்குள் உட்கார்ந்து ஒருவன் போல்ட்டின் தலையைத் திருக வேண்டும், கீழே படுத்து ஒருவன் நட்டு சுற்றாமல் ஸ்பானரால் பிடிக்க வேண்டும். வேறு ஆளைக் கூப்பிடலாம்தான். எங்கள் சண்டை தெரிந்தபின் அந்த வண்டிப் பக்கம் வர யாருக்கும் விருப்பமில்லை.

பழைய கோயில் கொடை ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்துக் கீழே படுத்தேன். கரிசல் கட்டி முதுகில் கல்லாய்க் குத்தியது. நட்டின் துருவை உளியால் கொத்திக் கொத்தி எடுத்தேன். துருவும் காய்ந்த புழுக்கையும் கண்ணில் கொட்டின. டீசல் ஊற்றி, சுத்தியலால் தட்டி, ரிங் ஸ்பானரை அடித்து ஏற்றினேன். மேலே அண்ணன் தன் ஸ்பானரில் பைப்பைச் செருகி இழுத்தான். வண்டிதான் ஆடியது.

முதலில் முறுக்குகிற பக்கம் கொஞ்சம் திருகினால் துரு விடும், பிறகு கழற்றலாம் என்று மைனி வழியாகச் சொன்னேன்.

"கழத்தச் சொன்னா முறுக்கச் சொல்லுதான். அவன் புத்தி எப்பவும் அப்படித்தான்" என்று மேலேயிருந்து மைனிக்குச் சொன்னான்.

"அவியட்ட சொல்லுங்க மைனி, கேக்க இஷ்டமில்லன்னா இறங்கிப் போகச் சொல்லுங்க."

மைனி எதையும் யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குக் காது இல்லையா என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அதன்பிறகு எங்களுக்கு வேறு வழியில்லை. "பிடிச்சிருக்கியா?" என்றான். அந்தச் சந்தை நாளுக்குப் பிறகு அவன் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல். "பிடிச்சிருக்கேன்" என்றேன்.

வெயில் ஏறியது. ரப்பர் வாடையும் பழைய மூத்திர நெடியும் கீழே அப்படியே நின்றன. அவன் இழுப்பான், நான் பிடிப்பேன். இடையில் ஒருவரை ஒருவர் முகம் பார்க்காமல் பேசினோம். பேச்சு எப்படியும் அங்கேதான் போகும், போனது. ரயில்வே கேட்டில் நின்றிருந்தால் பின்னால் வந்த பஸ்ஸும் நின்றிருக்க வேண்டும், அந்தப் பஸ் மட்டும் எப்படி நேரத்துக்கு எட்டயபுரம் வந்தது என்று கேட்டேன். பேசாமல் பிடி என்றான். விடாமல் கேட்டேன். ஊரே கேட்காததை நீ கேட்கிறாயா என்றான். ஊர் கேட்காது, செத்தது ஊரின் ஆடு இல்லை என்றேன்.

அவன் சொல்லாமல் கொள்ளாமல் பைப்பை வெடுக்கென்று இழுத்தான். நட்டோடு சேர்ந்து என் ஸ்பானரும் சுழன்றது. அதற்கும் சேஸுக்கும் நடுவில் என் வலது கை மாட்டியது. ஆள்காட்டி விரலும் நடு விரலும் நசுங்கின. நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்தியதுபோல் இருந்தது.

இறங்கி வந்து டயர் பக்கத்தில் குத்தவைத்தான். ரத்தம் முழங்கை வரை வடிந்துகொண்டிருந்தது. தன் தோள் துண்டை நீட்டினான். நான் வாங்கவில்லை. என் சட்டை நுனியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டேன்.

"எலும்பு போயிருச்சா?" என்றான்.

"ஆட்டைக் கொன்னாச்சு. இப்போ கையா?"

அவன் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னான்: "தூங்கிட்டேம்லே. ரெண்டு நாளா ஓட்டம். கண்ணு சொருகுச்சு. வேலிக்கருவ மரத்துப் பக்கத்துல ஓரங்கட்டி அஞ்சு நிமிஷம்னு படுத்தேன். முழிச்சப்ப வெயில் தலைக்கு மேல நின்னுச்சு."

வலி அந்த நொடி எங்கே போனது என்று தெரியவில்லை. நான் அவன் முகத்தையே பார்த்தேன். அது பொய் சொல்கிற முகமாக இல்லை. இத்தனை நாள் நான் சண்டை போட்டது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். கிடைத்ததும் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. அவனை அடிக்கத்தான் கை வந்தது. அதுவும் நசுங்கிக் கிடந்தது.

"மைனியக் கூப்பிடுதேன். அவிய முன்னால இதைச் சொல்லு. பொறவு ஊர்ல சொல்லு" என்றேன்.

அவன் எழுந்தான். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். வீட்டைப் பார்த்துச் சத்தமாக, "இவனுக்கு ஒரு ஈரத்துணி கொண்டா. மதியத்துக்குள்ள முடிக்கணும்" என்றான். அவ்வளவுதான். கூண்டுக்குள் மறுபடி ஏறிவிட்டான்.

நான் போயிருக்கலாம். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் நியாயம். ஆனால் அன்று கூண்டை எடுக்காமல் போனால் இன்னொரு முறை அவன் வாசலில் வந்து நிற்க வேண்டும். அது என்னால் ஆகாது. ஸ்பானரை இடது கையால் மாட்டி, அதன் பிடிக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தேன். "இழு" என்றேன். முறுக்குகிற பக்கம் முதலில் இழுத்தான். நான் சொன்னதைத்தான் செய்தான். உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். பிறகு கழற்றுகிற பக்கம். மறுபடி டீசல், மறுபடி இழுப்பு. கடைசியில் போல்ட் கழலவில்லை, நடுவில் முறிந்தது. மேலே அவன் பைப்போடு மல்லாந்து விழுந்த சத்தம் கேட்டது. அடிபட்டதா என்று நான் கேட்கவில்லை.

நான் வாடகைக்குச் சொல்லியிருந்த வெளியூர் டிராக்டர்காரர் கூட்டி வந்த ஆட்கள் கூண்டைத் தூக்கி டிரெய்லரில் வைத்தார்கள். நான் அதோடு போய்விட்டேன்.

நடு விரல் எலும்பு உடைந்திருந்தது. கட்டுப் பிரித்த பிறகும் முழுசாக மடங்கவில்லை. அண்ணன் தூங்கிய விஷயத்தை நான் ஒளித்து வைக்கவில்லை, பார்த்தவரிடம் எல்லாம் சொன்னேன். அவன் மறுத்துவிட்டான். கை போன ஆத்திரத்தில் தம்பி கதை கட்டுகிறான் என்றானாம். அதையும் ஊர் நம்பியது.

மழை விழுந்து காட்டில் உளுந்து போட்ட சமயம், மைனி தனியாக வந்தாள். நான் பட்டியில் குட்டிகளுக்குத் தின்னக் குழை, இலைக் கொத்துகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. அவளும் படலைத் தாண்டி வரவில்லை.

"நீங்க வெளியில சொல்லுததை நிப்பாட்டணும்" என்றாள். "பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்குதோம். அப்பன் பொய்க்காரன்னு பேர் வந்தா யார் வருவா?"

பொய்யென்று உங்களுக்கும் தெரியுமா என்று கேட்டேன். அவள் படலில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கே தெரியும். நான் போன் மேல போன் போட்டேன், எடுக்கல. கடைசியா எடுத்தப்ப தூக்கக் குரலு. அங்கன கோயில் முன்னால ஒங்களைக் குத்தம் பேசும்போது நானும் நின்னுட்டுத்தான் இருந்தேன்."

அவள் நின்றது எனக்கு ஞாபகம் இருந்தது. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நிறுத்த மாட்டேன் என்று சொன்னேன். இனி அவள் சொன்னதையும் சேர்த்துச் சொல்வேன் என்றும் சொன்னேன். அவள் திரும்பி நடந்தாள். ஈரக் கரிசல் செருப்பில் அப்பிப் பிடித்ததால் ரோட்டுக்குப் போய்ச் சேர அவளுக்கு நேரமானது. இரண்டு தடவை நின்று செருப்பை உதறினாள். நான் குழையைக் கட்டி முடித்துவிட்டு ஆடுகளைத் திறந்துவிட்டேன்.