சஷ்டி விரதமும் இடியன் துவக்கும்

என் கணவர் நாற்பத்தெட்டு வயதில் மான் வேட்டைக்குப் போவதென்று முடிவெடுத்தார். அதுவரை அவர் எதிர்கொண்ட ஆகப் பெரிய விலங்கு, கியூபெக்கின் லாசாலில் எங்கள் அடுக்குமாடிக் குளியலறைக்குள் வந்த ஒரு கரப்பான். அதைக்கூட முடிவில் நான்தான் செருப்பால் அடித்தேன்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்யும் ஒரு கியூபெக்காரர்தான் இந்த ஆசையை மூட்டிவிட்டவர். பெரிய தாடி, அதைவிடப் பெரிய சிரிப்பு. சாதாரணத் துவக்கு வேண்டாம், வாய்வழியே மருந்து போட்டுக் குண்டை இடித்து இறக்குகிற துவக்கு வாங்கு, அதற்கென்று தனி வேட்டைப் பருவம் உண்டு, அப்போது காட்டில் ஆட்கள் குறைவு என்று சொல்லியிருக்கிறார். கணவர் வகுப்புக்குப் போனார், அனுமதி எடுத்தார், துவக்கையும் வாங்கி வந்தார். பழங்கால மரத் துவக்கைக் கற்பனை செய்திருந்த எனக்கு ஏமாற்றம்தான். கறுப்பும் வெள்ளியுமாக, புதுக் குக்கர் மாதிரிப் பளபளத்தது.

“இது இடியன் துவக்கெல்லோ?” என்றேன்.

“இடியன்தான். ஆனால் மொடர்ன் இடியன்” என்றார்.

துவக்கு வாங்கினால் போதாதாம், துணைச்சாமான்கள் வேண்டுமாம். புரோசார்ட் தாண்டி ஒரு வேட்டைக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருக்குப் பிரெஞ்சு ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டோடு முடிந்துவிடும். நான் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறேன். நாள் முழுக்கப் பிரெஞ்சுதான் கதைக்கிறேன். ஆனால் யாரோடு என்பதை அவர் யோசிக்கவில்லை. என்னுடைய பிரெஞ்சு முழுவதும் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கானது. கை கழுவு, மூக்கைத் துடை, தள்ளாதே, யார் கடித்தது?

கடையில் நின்றது என் வயதுப் பெண் ஒருத்தி. கணவர் என் காதுக்குள், “சுட்ட பிறகு பின்பக்கத்து மூடியைக் கழட்டி எப்பிடித் துப்பரவாக்கிறது எண்டு கேளும்” என்றார். எனக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கிச் சேர்த்துக் கேட்டேன். நான் கேட்டது, தமிழில் சொன்னால், இப்படி இருந்திருக்கும்: “இவன் பூம் போட்ட பிறகு இவனுடைய குண்டியை எப்படிக் கழுவுவது?”

அந்தப் பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அதே மொழியிலேயே எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். இவன் ஒவ்வொரு முறை பூம் போட்டதும் உள்ளே அழுக்கு ஒட்டும். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் அடுத்ததை ஊட்ட வேண்டும். வீட்டுக்குப் போனதும் அன்றைக்கே சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். விட்டால் விடிவதற்குள் துருப்பிடிக்கும். நன்றாக உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். பின்மூடியின் திருகு மரையில் கிரீஸ் தடவாமல் பூட்டினால் பிறகு ஒருவராலும் கழற்ற முடியாது. அந்தக் கிரீஸ் டியூப்பை என் கையில் தந்து, “குழந்தைகளுக்குப் பூசுகிற களிம்பு மாதிரித்தான்” என்றாள். எனக்கு எல்லாம் விளங்கியது. துவக்கின் மேல் ஒரு பொறுப்பே வந்துவிட்டது.

கணவர் கண்டதையெல்லாம் கூடைக்குள் போட்டார். மருந்து அளக்கும் குழாய், அளந்த மருந்தைக் கொண்டுபோகும் சின்னக் குப்பிகள், பொறி கொடுக்கும் கேப்புகளை வரிசையாகப் பிடித்துவைக்கும் கருவி, குண்டைத் தள்ளத் தொடங்கும் கைப்பிடி, இவை எல்லாவற்றையும் தொங்கவிட ஒரு இடுப்புப் பட்டி. துடைக்கிற துணிச் சதுரங்களை மட்டும் நான் திரும்ப எடுத்து வைத்தேன். வீட்டில் அவர் கட்டிக் கிழிந்த பழைய பருத்திச் சாரங்கள் கிடந்தன.

அந்தச் சனிக்கிழமை தாடிக்காரருடைய மாமனாரின் பண்ணைக்குப் போனோம். மணல்மேட்டில் ஒரு காகித மான் ஒட்டியிருந்தது. முதல் வெடி நன்றாகத்தான் போனது, மானுக்கு மேலால். இரண்டாவதுக்குக் கணவர் குழலைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே தொழிற்சாலை மேலாளரைப் பற்றிக் கதைத்தார். கதைத்துக்கொண்டே குண்டை வைத்து, நீளக் கம்பியால் இடித்து இறக்கினார். கண்ணைச் சுருக்கிக் குறிபார்த்து விசையை இழுத்தார்.

கேப்பு மட்டும் ‘டப்’ என்றது. அவ்வளவுதான்.

தாடிக்காரர் உடனே கையை உயர்த்தி, குழலை மணல்மேட்டிலிருந்து அசைக்கக் கூடாது என்று அவரை அப்படியே நிற்க வைத்தார். காத்திருந்தோம். ஒன்றும் வெடிக்கவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது.

“இஞ்சேருங்கோ, மருந்து போட்டனீங்களோ?”

கணவர் மணல்மேட்டைப் பார்த்தபடியே, “நீர் கொஞ்சம் பேசாமல் நில்லும்” என்றார். மருந்துக் குப்பி அவருடைய பட்டியில் நிறைந்தபடியே தொங்கியது. தாடிக்காரர் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். பின்மூடியைக் கழற்றி, கம்பியால் குண்டை வெளியே தள்ளினோம்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் சோபாவில் சரிந்தார். “நாளைக்குக் கழுவுவம்.”

“ஏலாது. இண்டைக்கே” என்று நான் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

கந்த சஷ்டி நடந்துகொண்டிருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மரக்கறி மட்டும். எங்களுக்கு மேல்வீட்டில் இருக்கும் அக்கா கடும் விரதம். ஒரு நேரம் பாலும் பழமும். குளியல்தொட்டியில் குழலை நிறுத்திச் சுடுதண்ணீரை ஊற்றியதும் ஒரு மணம் எழும்பியது பாருங்கள்! அழுகிய முட்டையைத் திரும்பவும் அவித்தது மாதிரி. மருந்தில் கந்தகம் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. குளியலறைக் காற்றுக்குழாய் நேரே மேல்வீட்டுக்குப் போகிறது.

கதவு தட்டப்பட்டது. அக்கா நெற்றி நிறைய திருநீற்றோடு நின்றார்.

“பிள்ளை, சஷ்டியிலை முட்டை அவிக்கிறியளோ?”

“இல்லையக்கா.”

“பேந்து என்ன மணம் இது? முருகனுக்கே மூக்கு எரியும்.”

முட்டையை ஒப்புக்கொள்வதா துவக்கை ஒப்புக்கொள்வதா என்று நான் யோசிப்பதற்குள் அக்கா குளியலறைக்குப் போய்விட்டார். அங்கே என் கணவர் முழங்காலில் நின்று, சாரத் துண்டு சுற்றிய கம்பியைக் குழலுக்குள் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் அப்படியே உறைந்துபோனார்.

“இடியனோ?” என்றார் அக்கா.

“ஓமக்கா. மொடர்ன்.”

ஊரில் இடியனைக் கண்டு வளர்ந்த அக்கா குனிந்து பார்த்தார். மருந்துக் குப்பி, பொறிக்கேப்பு எதுவும் பக்கத்தில் கிடக்கிறதா என்று சுற்றிலும் நோட்டம் விட்டார். “உவ்வளவு மெதுவாத் தேய்ச்சால் ஊத்தை போகுமே? அமத்தித் தேயும்” என்றார். பிறகு வாசல்வரை போய்த் திரும்பி, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: “மான் விழுந்தால் எனக்கும் ஒரு துண்டு சொல்லு. சூரன்போர் முடிஞ்ச பிறகு, என்ன?”

மான் விழவில்லை. வந்தது மட்டும்தான். காட்டில் இரண்டாம் நாள் காலை ஒரு கலைமான் அவர் இருந்த மரத்தடியிலேயே வந்து நின்றதாம். துவக்கைத் தூக்க அவர் அசைந்தபோது, இடுப்புப் பட்டியில் தொங்கிய குழாய், குப்பி, கருவி எல்லாம் ஒன்றோடொன்று உரசிச் சலங்கை மாதிரிக் குலுங்கினவாம். மான் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. தாடிக்காரர்தான் தன் மானில் ஒரு தொடையை எங்களுக்குத் தந்தார். பாதியை நான் மிளகுத்தூள் தூக்கலாகப் போட்டுப் பிரட்டினேன். மற்றப் பாதியை அக்கா ‘அவன்’ அடுப்பில் வைத்து வத்தல் போட்டார். கட்டடம் முழுக்க மணத்தது. அதற்கு ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

இந்த வருடம் பருவம் தொடங்குவதற்கு முன்னர் கணவர் ஒவ்வொரு சாமானையும் துணியால் சுற்றி ரப்பர் வளையம் போட்டார். பட்டியைக் கட்டிக்கொண்டு விறாந்தைக்குள் நடந்தார். போதவில்லை என்று, நடுவில் நின்று துள்ளினார்.

“சத்தம் கேக்குதோ?” என்று கேட்டுக்கொண்டே இன்னொரு முறை துள்ளினார்.

கீழ்வீட்டு இத்தாலியக் கிழவர் கூட்டுகிற தும்புத்தடியால் கீழேயிருந்து எங்கள் நிலத்தில் மூன்று தரம் இடித்தார்.