தொண்டையைப் பார்க்கும் வேலை

அடுத்தவர் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அரசாங்க கிளினிக்கில் என் வேலை. சிரிக்காதீர்கள், இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். காசநோய் மருந்தை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். இருமல் நின்றுவிட்டதே என்று பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும், வரும்போது மருந்துக்கு அடங்காமல் வரும். அதனால் எங்கள் கண்ணெதிரே விழுங்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, அப்புறம்தான் ஆளை விடுவோம். பிள்ளைக்கு மருந்து ஊட்டப் போய்ச் சட்டையை நனைத்துக்கொண்டு விரலில் கடியும் வாங்கிய பெற்றோர்களே, நீங்கள் எல்லாரும் என் இனம். இந்தக் கதையை வேறு யாரிடம் சொல்வேன்?

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் எங்கள் கிளினிக் இருக்கிறது. தோட்டத்தைத் துண்டு போட்டு வீடமைப்புப் பகுதியாக்கிவிட்டார்கள். முனியாண்டி கோவில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நர்ஸான என்னை அங்கே எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். கொரோனா காலத்தில் அந்தப் பக்கத்துக் குடும்பம் ஒன்றோடு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ஒரு கோடு

மகேஸ் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற அம்மா. மூத்த மகள் தர்ஷினிக்கு அந்த வருடம் பள்ளி இறுதி எஸ்பிஎம் பரீட்சை. பிள்ளை வாரக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தாள். அவள் இருமும்போதெல்லாம் மகேஸ் மருந்துக்கடையில் பரிசோதனைக் கிட் வாங்கி வந்து மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு கோடு வந்தால் கோவிட். ஒவ்வொரு முறையும் ஒரே கோடுதான் வந்தது. அந்தக் கிட்டைச் சாமி மேடையில் வைத்து, விபூதி பூசி, கற்பூரமும் காட்டியிருக்கிறார். இருமல் என்றால் அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் நினைவுக்கு வராத காலம் அது. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது?

பள்ளிச் சட்டை தோளில் நிற்காத அளவுக்குப் பிள்ளை இளைத்த பிறகுதான் கிளினிக்குக் கூட்டி வந்தார். எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்து, காசநோய் என்று டாக்டர் சொன்னார். மகேஸ் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: “கோவிட்டே வந்திருக்கலாம் மிஸ்ஸி. அதையாவது வெளிய சொல்லலாம் லா.”

மோட்டார் சத்தம்

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காசநோய் என்றால் முதலில் பெரியவர்களைப் பார்ப்போம். பெரும்பாலும் அவர்களில் யாராவது ஒருவர்தான் கொடுத்திருப்பார். போய்ப் பார்த்தேன். தர்ஷினியின் அப்பா லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருப்பதே அபூர்வம். மகேஸின் தம்பி சுகு, நடமாட்டக் கட்டுப்பாட்டில் வேலை போய், ஆயர் தாவாரிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்தவர். படுக்கை ஹாலில். அதே ஹாலில், கொசுவுக்குப் பயந்து சன்னலையெல்லாம் சாத்திவிட்டு, தர்ஷினி நாள் முழுக்க ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். “உங்களுக்கு இருமல் உண்டா?” என்று சுகுவைக் கேட்டேன். “எனக்கா? சேச்சே” என்றார்.

பிறகு என்ன செய்ய? எழுந்து, வாசலில் நின்ற சுகுவின் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் செருப்பைப் போடும்போது கடைக்குட்டி பவி, பாலர் பள்ளிக்குப் போகிற வயசு, என் பின்னாலேயே வந்தாள். கேட்காமலே சொன்னாள்: “மாமா மோட்டார ஸ்டார்ட் பண்ணிட்டுத்தான் இருமுவாரு மிஸ்ஸி.”

நாக்கைத் தூக்கு

கிளினிக்குக் கூட்டி வந்து சோதித்ததில் சுகுவின் சளியில் கிருமி இருந்தது. இருமல் வெளியே தெரிந்தால் தன்னைக் கொண்டுபோய்த் தனிமை மையத்தில் போட்டுவிடுவார்கள், அக்காள் குடும்பத்தையே பூட்டிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். மருமகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே அந்த மனிதர் கூசினார். அவருக்குச் சிகிச்சை தொடங்கியது. பவிக்கு நோய் வரவில்லை, ஆனாலும் தடுப்புக்காக அவளுக்கும் மருந்து கொடுத்தோம்.

கிளினிக் நெரிசலில் பிள்ளைகளை வரவழைக்க வேண்டாம் என்று, தர்ஷினியை வீடியோ அழைப்பில் பார்க்கச் சொன்னார்கள். கைப்பேசித் திரையில் ஒரு தொண்டையைப் பார்த்தபடி காலைத் தேநீர் குடித்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. முதல் நாள் அவளிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன்: ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களில் நோய் அடுத்தவருக்குத் தொற்றாது, எல்லாரோடும் பழையபடி உட்கார்ந்து சாப்பிடலாம். அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டு மாத்திரையை விழுங்கினாள். பவி குறுக்கே தலையை நீட்டித் தன் நாக்கையும் தூக்கிக் காட்டினாள். “என்னோடதையும் பாருங்க மிஸ்ஸி, அக்காவத விட நீட்டு.”

சிராப் கலர்

இந்த மருந்தில் ஒன்று சிறுநீரைச் சிவப்பாக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுவோம், இல்லாவிட்டால் ரத்தம் என்று அலறிக்கொண்டு ஓடி வருவார்கள். கடையில் விற்கிற சிவப்பு சிராப் பானத்தின் நிறம் என்று பவிக்கு அது பெரிய பெருமை. பாலர் பள்ளி டீச்சர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

சில வாரம் கழித்து டாக்டரைப் பார்க்க மகேஸ் பிள்ளைகளோடு வந்திருந்தார். தர்ஷினிக்கு எடை ஏறவே இல்லை. தினமும் என் கண் முன்னால்தான் விழுங்குகிறாள், நாக்கையும் தூக்கிக் காட்டுகிறாள். டாக்டரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எடைக் கருவியில் ஏறி நின்றுகொண்டிருந்த பவி என் கையை இழுத்தாள். எங்கள் துறையில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவள் அவள்தான். “எனக்கு சிராப் கலர்ல வருது மிஸ்ஸி. அக்காவுக்கு ஏன் இப்பல்லாம் தண்ணி கலர்ல வருது?”

தட்டு

அன்று தர்ஷினியை மட்டும் தனியாக உட்கார வைத்தேன். மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கி வைத்து, அழைப்பு முடிந்ததும் துப்பியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் நன்றாகத் திட்டிவிட்டேன். பரீட்சை எழுத வேண்டாமா, திரும்ப முதலிலிருந்து தொடங்கவா, கிருமி மருந்துக்கு அடங்காமல் போனால் என்ன செய்வாய் என்று மூச்சு விடாமல் கேட்டேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மெதுவாகச் சொன்னாள். பள்ளி திறந்துவிட்டது, அங்கே எல்லார் முகத்திலும் மாஸ்க், அதனால் அவள் தனியாகத் தெரியவில்லை. வீட்டில்தான் தெரிகிறாள். நோய் என்று தெரிந்த அன்றே அம்மா அவளுக்கென ஓர் எவர்சில்வர் தட்டை ஒதுக்கிவிட்டார். மற்றத் தட்டுகளும் அதே மாதிரி என்பதால், கலந்துவிடாமலிருக்க அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி. இனி தொற்றாது என்று டாக்டர் சொன்ன பிறகும் அந்தத் தட்டுதான், சமையலறை வாசலில் அதே மூலைதான். சுகு மாமாவும் தன் தட்டோடு பின்வாசலில் உட்கார்ந்துவிடுகிறாராம். “எல்லாரோடயும் உக்காரலாம்னு நீங்கதான சொன்னீங்க மிஸ்ஸி? மாத்திர சாப்பிட்டும் அந்தத் தட்டுதான்னா, அத எதுக்குச் சாப்பிடணும்?”

இலை

மறுநாளே போனேன். நோய் காற்றில் பரவுகிறது மகேஸ், தட்டில் இல்லை. சன்னலைத் திறங்கள், தட்டை விடுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுகிறவர்களை நம்பக் கூடாது என்பது என் சர்வீஸில் கற்றது. கடைசியில் வாய் திறந்தார். தோட்டத்தில் அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சித்திக்கு இதே நோய். லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் வைத்து, கதவுக்கு அடியில் தட்டைத் தள்ளுவார்களாம். ஒரு நாள் தள்ளிய தட்டு அப்படியே இருந்ததாம். அந்தத் தட்டை எடுத்து வந்தவர் மகேஸ்தான். தர்ஷினி மாத்திரையைத் துப்பிய காரணத்தை மட்டும் அவள் சொன்னபடியே சொல்லிவிட்டு எழுந்தேன்.

இரண்டு நாள் கழித்து வீடியோ அழைப்பில் தர்ஷினி தண்ணீர் குடித்து, நான் கேட்காமலே கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினாள். பின்னால் சன்னல் திறந்திருந்தது. தரையில் வரிசையாக வாழை இலை போட்டிருந்தார்கள். பவி ஒன்றில், சுகு ஒன்றில், நடுவில் ஒன்று காலியாக இருந்தது. புரட்டாசி விரதமும் இல்லை, விசேஷமும் இல்லை. என்ன சங்கதி என்று கேட்டேன். மகேஸ் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். கொல்லையில் வாழை நிறைய நிற்கிறதாம். “தட்ட மாத்த எனக்கு இன்னும் மனசு வரல மிஸ்ஸி. அதான் எல்லாருக்கும் இலையப் போட்டுட்டேன்.”

கடைசி மாத்திரை

அதற்குப் பிறகு ஒருவரும் ஏமாற்றவில்லை. பவி அவ்வப்போது நிற விவரம் தந்துகொண்டிருந்தாள். தர்ஷினிக்குக் கன்னத்தில் சதை வைத்தது. அவள் இருமாமல் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள் என்று மகேஸ் அழைத்துச் சொன்னபோது, கிளினிக் என்றும் பாராமல் நான் அழுதுவிட்டேன்.

வெளியிடங்களில் மாஸ்க் கட்டாயம் இல்லை என்று அறிவித்த சமயத்தில், கடைசிப் பரிசோதனைக்கு அவள் கிளினிக் வாசல் வரை முகத்தை மறைக்காமல் வந்தாள். அத்தனை மாதம் அவள் தொண்டையைப் பார்த்தவளுக்கு, அவளுக்குத் தெற்றுப்பல் இருப்பது அன்றுதான் கண்ணில் பட்டது. குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. சொல்வதற்கு அவளிடம் வேறு செய்தி இருந்தது. “நேத்து காத்துல வாழையெல்லாம் சாஞ்சிருச்சு மிஸ்ஸி. அம்மா எல்லாருக்கும் தட்டு போட்டாங்க. நான் ஒண்ணொண்ணா திருப்பிப் பாத்தேன், எதுலயுமே புள்ளி இல்ல.”

ஆக, என் இனத்தாரே, மாதக்கணக்காகத் திரையில் தொண்டையையே உற்றுப் பார்த்துச் சம்பளம் வாங்கிய எனக்கு, அந்த வீட்டில் மருந்து எப்போது இறங்கும் என்பதைக் காட்டியது ஒரு தட்டின் அடிப்பக்கம்தான்.