பாதாளக் கரண்டியை முழுங்கின கெணறு

உக்காருங்கப்பா, உக்காருங்க. பின்னால பேசிக்கிட்டிருக்கிறவங்க கொஞ்சம் வாயை மூடுங்க. என் பொண்டாட்டி ராஜாமணியைப் பாருங்க, அவரைக்காயை உரிச்சிக்கிட்டு எவ்வளவு அமைதியா இருக்கா. எங்க தொழிலுக்கு ஒரே ஒரு மூலதனம்தான், அடுத்தவங்களுக்குக் கை தவறணும். பாதாளக் கரண்டின்னா கொத்தா கொக்கி வெச்ச இரும்பு. கயித்துல கட்டிக் கெணத்துல விட்டுத் துழாவுனா, விழுந்த குடம் மாட்டிக்கிட்டு மேல வரும். நீங்களும் குடத்தை விட்டுட்டு முழிச்சவங்கதானே, சொன்னாப் புரியும்.

தள்ளி நின்னு தேடுறவன்

எனக்கு ஏழு வயசுல எங்கண்ணன் நீச்சல் பழக்குறேன்னு முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டிக் கெணத்துல தள்ளிவிட்டான். குடுக்கை கழண்டு மெதந்துச்சு, நான் மெதக்கல. அன்னியிலிருந்து கெணறு இருக்கிற பக்கமே போக மாட்டேன். குளிக்கிறதுகூட சொம்புலதான்.

அப்படிப்பட்டவனை எங்க மாமன், ராஜாமணியோட அப்பா, காவேரிப்பட்டினத்துல இந்தத் தொழில்ல இழுத்துவிட்டாரு. "தண்ணியில எறங்குற வேலையில்லடா, மேல நின்னு கயிறு புடிக்கிறதுதான்"னாரு. நானும் இடுப்புல ஒரு கயித்தைக் கட்டி, மறுமுனையைத் துவைக்கிற கல்லுல கட்டிக்கிட்டுத்தான் கெணத்தை எட்டிப் பாப்பேன். ஒரு வீட்டம்மா கேட்டுச்சு: "ஏம்பா, விழுந்தது எங்க குடம்தானே, உன்னை எதுக்குக் கட்டிப் போட்டிருக்கு?"

ரெண்டு கையாலயும் பேசினது

கிருஷ்ணகிரி பக்கம் அணை கட்டிக்கிட்டிருந்த சமயம். வேலைக்கு வந்தவங்க குடியிருந்த லைன் வீடுங்களுக்கு ஒரே பொதுக்கெணறு. தமிழு, தெலுங்கு, கன்னடம், மூணு பாஷையிலயும் வாளி விழும்.

கரண்டியைச் சும்மா இரவல் வாங்கக் கூடாதுன்னு எங்க பக்கம் ஒரு வழக்கம். ஒரு பாத்திரத்தை ஈடா வெச்சிட்டுத்தான் எடுக்கணும், இல்லைன்னா அது வீடு திரும்பாதும்பாங்க. அந்தப் பொதுக்கெணத்துல ஒரு வாளி விழுந்த அன்னிக்கு நான் மாமன்கிட்ட, "உம்பொண்ணையே கட்டப் போறவன், எனக்கென்ன ஈடு"ன்னு கரண்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

கெணத்தைச் சுத்திக் கூட்டம். கூட்டத்தைப் பாத்தா என் வாய் சும்மா இருக்குமா? அணை வேலை மேஸ்திரி கூலிக்காரங்களை வைவாரே, அதைப் பேசிக் காமிச்சேன். மேஸ்திரி வாயால வைய மாட்டாரு, ரெண்டு கையாலயும் வைவாரு. நானும் ரெண்டு கையையும் தூக்கினேன். கரண்டிக் கயிறு சர்ருன்னு கெணத்துக்குள்ள போயிடுச்சு. எல்லாரும் அதையும் ஆட்டத்துல ஒண்ணுன்னு நெனச்சுக் கைதட்டினாங்க. ஒசூரு பக்கத்துக் கன்னடக்காரம்மா ஒண்ணு மட்டும் எட்டிப் பாத்துட்டுச் சொல்லிச்சு: "நோடப்பா, பாருப்பா, இந்தக் கெணறு கரண்டி முழுங்குறது இது மொதத் தடவை இல்ல."

எருமைங்க பாத்த நீச்சல்

மாமன் வையல. "கரண்டியோட வா, அப்புறம் பொண்ணைப் பத்திப் பேசலாம்"னாரு. அவ்வளவுதான்.

முங்கத் தெரிஞ்சவன் ஊருல இருந்தான். ஆனா அவன் கரண்டியை எடுத்தா, பொண்ணையும் அவனே கேட்டுட்டா? மறுநாளே தென்பெண்ணைக்குப் போனேன். மொத நாள் கணுக்கால் தண்ணி. ரெண்டாம் நாளும் கணுக்கால்தான். ஒரு வாரத்துல முட்டி. மூஞ்சியைத் தண்ணிக்குள்ள வெச்சு எண்ணுவேன், மூணுக்கு மேல நம்பரே மறந்துடும். ஒரு மாசம் குடிச்ச தண்ணி ஒரு வயலுக்குப் பாயும். பக்கத்துல படுத்திருந்த எருமைங்ககூட என்னைக் கண்டா எந்திரிக்கிறதை விட்டுடுச்சு.

ஒருநாள் காலையில அந்தப் பொதுக்கெணத்துக் கல்லுப்படியில எறங்கினேன். இடுப்புல கயிறு இல்ல. குடுக்கை கழண்ட அந்த நாளு கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. நின்னா நிக்கட்டும்னு விட்டுட்டு முங்கினேன். மூணாவது முங்குல சேத்துக்குள்ள இரும்பு தட்டுப்பட்டுச்சு. சொட்டச் சொட்ட மாமன் வீட்டுக்கு ஓடினேன். அவரு கரண்டியைக் கண்ணுக்கிட்ட கொண்டுபோய்ப் பாத்தாரு, மோந்தும் பாத்தாரு. "நம்ம இரும்புதான்டா மாப்ளே, துரு வாசனையே சொல்லுது."

ஆக, தண்ணியில எறங்க வேணாம்னு சேந்த தொழில்ல, தண்ணியில எறங்கித்தான் எனக்குப் பொண்டாட்டியே கெடைச்சா.

ராஜாமணி தலையைத் தூக்காம இன்னொரு அவரைக்காயை உரிச்சா. "மாமா, எங்கப்பா கரண்டிக்கு ஆறு கொக்கி. நீ கொண்டாந்ததுக்கு நாலு. அவருக்குத்தான் கண்ணு மங்கல், எனக்கில்ல. அன்னிக்கு உன் தலையில ஒட்டியிருந்த பாசியைப் பாத்துட்டுத்தான் நான் வாயைத் தொறக்கல."